பரியும் பரிவும்

நுழையும்முன்

நாய் வாலை ஆட்டித் தன் அன்பைப் புலப்படுத்துகிறது. பசு தன்னை வளர்த்தவரின் கையை நக்கிக் கொடுக்கிறது. போரிலும் பயணத்திலும் சுமைப்பாதையிலும் மனிதனோடு நெடுந்தொலைவு நடந்து வந்த குதிரை, தன் அன்பை எவ்வாறு தெரிவிக்கிறது? எல்லாக் குதிரைகளும் மனிதரிடம் ஒரேவகையாகப் பழகுகின்றனவா? வேறுபாடு உண்டெனில், அது பிறப்பால் வந்ததா, வளர்ப்பால் வந்ததா? இவ்வினாக்களுக்கு விடை தேடும்போது, குதிரையைப் பற்றி மட்டுமன்றி நம்மைப் பற்றியும் சிலவற்றை அறிந்துகொள்கிறோம்.

மலையடிவாரத்துக் காலை

தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூர் ஏலக்காய் மணக்கும் ஊர். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஏலத் தோட்டங்களில் விளைந்து, உலர்த்தப்பட்ட காய்கள் இங்கு வந்து தரம் பிரிக்கப்படுகின்றன. நறுமணப்பொருள் வாரியத்தின் ஏல மையத்தில் விலை பெறுகின்றன. போடிமெட்டுக்குச் செல்லும் சாலை 17 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து மலையேறுகிறது. அச்சாலையில் சரக்குந்துகளும் பேருந்துகளும் ஓடுகின்றன.

ஆனால், மலை முழுவதும் சாலை இல்லை. குரங்கணிக்கு மேலேயும் அகமலைப் பகுதியிலும் உள்ள சில ஊர்களுக்கும் தோட்டங்களுக்கும் ஒற்றையடிப் பாதையே வழி. அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய், உரம் ஆகியவை மட்டக்குதிரைகளின் முதுகிலும் கோவேறு கழுதைகளின் முதுகிலும் மேலே செல்கின்றன. காப்பி, ஏலம், மிளகு ஆகியவை அவ்வாறே கீழே இறங்குகின்றன. தேர்தல் காலங்களில் வாக்குப்பதிவு இயந்திரங்களும் குதிரையின் முதுகில் மலையேறியிருக்கின்றன.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூணாற்றுத் தேயிலை, குண்டளைப் பள்ளத்தாக்குத் தொடர்வண்டியில் டாப் ஸ்டேஷனை அடைந்தது. அங்கிருந்து கம்பிவடத்தின் வழியாக மலையடிவாரத்துக்கு இறங்கியது. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அத்தொடர்வண்டிப் பாதையை அழித்தது. அது மீண்டும் அமைக்கப்படவேயில்லை. பொதிவிலங்குகளோ இன்றும் இம்மலையில் நடந்துகொண்டிருக்கின்றன.

விடியற்காலையில் மலையடிவாரத்தில் பொதியேற்றும் காட்சியைக் கூர்ந்து பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். ஒரு குதிரை தன் உரிமையாளரின் காலடி ஓசை கேட்டதும் இரு காதுகளையும் முன்னே மடக்கி, மெல்லக் கனைத்து, தலையை அவர் தோளருகே கொண்டு செல்கிறது. அதன் அருகில் நிற்கும் மற்றொன்றோ, மனிதக் கை உயர்ந்தவுடன் காதுகளைப் பின்னுக்குச் சாய்த்து விலகுகிறது. இரண்டும் ஒரே மலையில் ஒரே சுமையைச் சுமப்பவை. 'அது நல்ல குதிரை. இது கெட்ட குதிரை' என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது. அவ்வாறு நகர்ந்துவிடக் கூடாது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

அன்பா, தீனியா?

'குதிரை தேடி வருவது கொள்ளுக்காக. அதை அன்பு என்று சொல்வது நம் கற்பனை' என்பார் உளர். இக்கருத்தை முற்றிலும் புறந்தள்ள இயலாது. தீனி தருபவரை எந்த விலங்கும் நாடும். ஆனால், உறவு தீனியோடு முடிந்துவிடுவதில்லை.

குதிரைகள் கூட்டமாக வாழ்பவை. நட்புடைய இரு குதிரைகள் எதிரெதிரே நின்று, ஒன்றன் பிடரியை மற்றொன்று பற்களால் மென்மையாகக் கோதிவிடுவது வழக்கம். பிடரியும் முதுகும் சேரும் அவ்விடத்தை மனிதர் சொறிந்துவிட்டால், குதிரையின் இதயத் துடிப்புக் குறைகிறது என்பதை 1993ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. அங்கே கொள்ளும் இல்லை, புல்லும் இல்லை. ஒரு கையின் தொடுதல் மட்டுமே இருந்தது. தன் இனத்தானிடம் பெறும் ஆறுதலை, அவ்விலங்கு மனிதனிடமும் பெறுகிறது.

பிரான்சு நாட்டு ஆய்வாளர்கள் இளங்குதிரைகளை இருவகையாகப் பயிற்றினர். ஒரு பிரிவுக்குச் சரியாகச் செய்தபோதெல்லாம் சிறு தீனி பரிசாகக் கிடைத்தது. மற்றொரு பிரிவுக்குக் கிடைக்கவில்லை. பரிசு பெற்றவை விரைவாகக் கற்றன. எட்டுத் திங்கள் கழிந்த பின்னரும் கற்றதை மறக்கவில்லை. மனிதரை நாடியும் வந்தன. பழகிய பயிற்றுநரிடம் மட்டுமன்றி, முன்பின் அறியாத மனிதரிடமும் அவை நெருங்கி வந்தன என்பது 2010இல் வெளியான அவ்வாய்வின் சிறப்பு. ஒருவர் காட்டிய கனிவு, மனித இனத்தின்மீதே நம்பிக்கையை விதைத்தது. ஒருவர் காட்டும் கொடுமையும் அவ்வாறே பரவக்கூடும் என்று எண்ணிப் பார்ப்பது நம் கடமை.

முகம் படிக்கும் விலங்கு

இங்கிலாந்தின் சசெக்சு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 28 குதிரைகளுக்கு மனித முகங்களின் ஒளிப்படங்களைக் காட்டினர். சினந்த முகத்தைக் கண்டபோது குதிரைகள் பெரிதும் இடக்கண்ணால் நோக்கின. அவற்றின் இதயத் துடிப்பும் விரைந்து உயர்ந்தது. இவ்வாய்வு 2016இல் வெளிவந்தது. 2018இல் வெளிவந்த தொடர் ஆய்வு இன்னும் வியப்பானது. காலையில் ஒருவரது சினந்த முகத்தையோ சிரித்த முகத்தையோ படத்தில் கண்ட குதிரை, சில மணி நேரம் கழித்து அதே மனிதர் இயல்பான முகத்துடன் நேரில் வந்தபோது, முன்பு கண்ட முகத்தை நினைவிற்கொண்டு நடந்துகொண்டது. எந்தப் படத்தைக் குதிரை கண்டது என்பது அம்மனிதருக்கே தெரியாது.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லின் நகரில் 'ஆன்சு' என்னும் குதிரை, கணக்குக் கேட்டால் குளம்பைத் தட்டி விடை கூறி உலகை வியக்கவைத்தது. உளவியல் அறிஞர் ஆசுகார் புங்சுட்டு ஆராய்ந்து 1907இல் உண்மையை வெளிப்படுத்தினார். கேட்பவருக்கு விடை தெரிந்திருந்தால்தான் குதிரைக்கும் தெரிந்தது. சரியான எண்ணை நெருங்கும்போது கேட்பவர் தம்மையறியாமல் செய்த சிறு தலையசைவைக் கண்டு அது தட்டுவதை நிறுத்தியது. 'குதிரைக்குக் கணக்குத் தெரியவில்லை' என்று அன்று பலர் ஏமாற்றம் அடைந்தனர். மனிதர் தம்மிடமே மறைத்துக்கொள்ளும் அசைவையும் படிக்கத் தெரிந்த விலங்கு அது என்பதே நாம் வியக்க வேண்டிய செய்தி.

இனமா, வளர்ப்பா?

குதிரைகளின் இயல்பில் மரபுக்குப் பங்கு இல்லை என்று கூறுவது அறிவியலுக்கு ஒவ்வாது. இன்றைய வளர்ப்புக் குதிரைகளின் முன்னோர் ஏறத்தாழ 4200 ஆண்டுகளுக்கு முன் மேற்கு யூரேசியப் புல்வெளியிலிருந்து பரவின என்று 2021இல் வெளியான மரபணு ஆய்வு கூறுகிறது. முதுகின் வலிமையோடு தொடர்புடைய ஒரு மரபணுவும், அச்சத்தைக் கட்டுப்படுத்துவதோடு தொடர்புடையதாகக் கருதப்படும் மற்றொரு மரபணுவும் அக்காலத்தில் தெரிந்தெடுக்கப்பட்டன. சுமக்கும் முதுகையும் அஞ்சாத உள்ளத்தையும் மனிதன் ஒருசேரத் தேடியிருக்கிறான்.

இனத்திற்கு இனம் வேறுபாடும் உண்டு. அரபுக் குதிரையும் பந்தயக் குதிரையும் விரைவில் கிளர்ச்சியுறுபவை. ஐரோப்பாவின் பேருருவக் குதிரைகள் அமைதியானவை. முன்னதைச் 'சூட்டு இரத்தம்' என்றும் பின்னதைக் 'குளிர் இரத்தம்' என்றும் மேலைநாட்டார் வழங்குவர். இச்சொற்கள் இயல்பைக் குறிப்பன. உடல் வெப்பத்தைக் குறிப்பன அல்ல. நம் நாட்டில் மார்வாரி, கத்தியவாரி, மணிப்புரி, சுபிட்டி, சான்சுகாரி முதலிய இனங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் தான் பிறந்த நிலத்துக்கேற்ற உடலும் இயல்பும் கொண்டது.

எனினும், இனம் தருவது தொடக்கத்தை மட்டுமே. விரைவில் அஞ்சும் குதிரை அன்பற்ற குதிரை ஆகாது; அது பொறுமையை மிகுதியாக வேண்டும் குதிரை. அமைதியான குதிரையும் அன்பு மிக்கது என்று உறுதி கூற இயலாது. அடித்து அடித்து, எதற்கும் எதிர்வினை காட்டாத நிலைக்குத் தள்ளப்பட்டதாகவும் இருக்கலாம். ஓர் இனத்தின் பெயரைச் சொல்லி ஒரு குதிரையைத் தீர்ப்பிடுவது, ஊரின் பெயரைச் சொல்லி ஒரு மாணவரைத் தீர்ப்பிடுவது போன்றதே.

இலக்கியமும் வரலாறும்

புரவி, பரி, இவுளி, மா எனக் குதிரைக்குப் பல பெயர் வழங்கிய மொழி தமிழ். குதிரையின் வீரத்தைப் பாடுவதற்கெனவே 'குதிரை மறம்' என்னும் துறை வகுத்தனர் நம் முன்னோர். புறநானூற்றின் 299ஆம் பாடலில் பொன்முடியார் இருவகைக் குதிரைகளைக் காட்டுகிறார். சிற்றூர்த் தலைவனின் குதிரை உளுந்தின் சக்கையைத் தின்று வளர்ந்தது. ஆயினும் பகைவர் படையைப் பிளந்துகொண்டு பாய்ந்தது. பெருவேந்தரின் குதிரைகள் நெய்யூட்டி வளர்க்கப்பட்டவை. அவையோ களத்தில் ஒதுங்கி நின்றன. புலவர் பாடியது வீரத்தை. விலையுயர்ந்த தீனி மட்டுமே ஒரு குதிரையை நமதாக்கிவிடாது என்னும் கருத்தையும் அதிலிருந்து நாம் பெறலாம்.

பாண்டிய நாட்டுக்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் கடல்வழியே வந்திறங்கின. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இந்நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, பெரும்பொருள் கொடுத்து வாங்கிய அக்குதிரைகளுள் பெரும்பாலானவை ஓராண்டுக்குள் இறந்துபோயின என்றும், அவற்றைப் பேணும் முறையை அறிந்தவர் இல்லாமையே காரணம் என்றும் எழுதியுள்ளார். அவர் கூற்றில் மிகை இருக்கலாம். ஆனால், பொன் கொடுத்துக் குதிரையை வாங்கலாம், பேணும் அறிவை வாங்க இயலாது என்னும் பாடம் அதில் இருக்கிறது.

பிடிவாதம் என்னும் பழி

மலைப்பாதையில் கோவேறு கழுதை சில நேரம் அசையாமல் நின்றுவிடும். 'பிடிவாதம்' என்று பெயர் சூட்டிப் பிரம்பை எடுப்பவர் பலர். அச்சம் வந்தால் குதிரை ஓடும். கழுதையின் வழிவந்த விலங்கோ நின்று ஆராயும். மழையில் தளர்ந்த மண், பெயர்ந்த கல், சரிந்த விளிம்பு ஆகியவற்றை அது நம்மினும் முன்னதாக உணரக்கூடும். சேணம் உராய்ந்து புண்ணான முதுகும், தேய்ந்த லாடமும்கூட அதை நிறுத்தலாம். அது நிற்பதற்குக் காரணம் தேடுபவரிடம் அது நாளடைவில் நம்பிக்கை கொள்கிறது; அடிப்பவரிடம் அச்சமே கொள்கிறது. அச்சத்தால் விளையும் பணிவை அன்பு என மயங்குதல் கூடாது.

தெரியுமா?

ஆண் கழுதைக்கும் பெண் குதிரைக்கும் பிறப்பது கோவேறு கழுதை. குதிரையின் குரோமோசோம்கள் 64, கழுதைக்கு 62, கோவேறு கழுதைக்கு 63. குதிரையின் முகத்தில் 17 வகைத் தசை அசைவுகள் உள்ளன என்று 2015இல் ஆய்வாளர்கள் வகைப்படுத்தினர்.

சுமைக்கும் அளவு உண்டு

1965ஆம் ஆண்டின் இழுவை, பொதி விலங்குகள் வதைத் தடுப்பு விதிகள், மட்டக்குதிரையின் மீது 70 கிலோவுக்கும், கோவேறு கழுதையின் மீது 200 கிலோவுக்கும், கழுதையின் மீது 50 கிலோவுக்கும் மிகுதியாக ஏற்றக் கூடாது என்று வரையறுக்கின்றன. ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்திற்கு மேலும், இடையில் ஓய்வின்றி ஐந்து மணி நேரத்திற்கு மேலும் வேலை வாங்குதல் கூடாது. வெப்பம் 37 பாகை செல்சியசைக் கடக்கும் இடங்களில் நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை அவற்றைப் பணியில் ஈடுபடுத்தக் கூடாது.

குதிரைக்காரரின் வாழ்வும் எளிதன்று. ஒரு நடைக்குக் கிடைக்கும் கூலியில்தான் கொள்ளும் தவிடும் வாங்க வேண்டும். தம் இல்லத்தின் உலையும் கொதிக்க வேண்டும். ஆகவே, பழியை அவர்மீது மட்டும் சுமத்துவது அறமாகாது. மலையூர்களுக்குக் கால்நடை மருத்துவர் சென்று வருதல், சுமைக்குத் தக்க கூலி, முதுமையுற்ற குதிரைக்குப் புகலிடம் ஆகியவை சமூகத்தின் பொறுப்பு. மலையூர்களுக்குச் சாலை வரட்டும். நோயுற்றோரைத் தொட்டிலில் தூக்கி இறக்கும் நிலை மாறட்டும். அந்நாளில், இத்தனை காலம் மலையூரின் அடுப்பை எரியவைத்த விலங்குகளை அறுந்த கயிறுபோல் எறிந்துவிடாதிருப்பதும் வளர்ச்சியின் ஒரு பகுதியே ஆகும்.

எந்தக் குதிரை மிகுந்த அன்புடையது என்னும் வினாவுக்கு இனப்பட்டியலில் முழு விடை இல்லை. பிறப்பு ஓரளவு வழிவகுக்கிறது. எஞ்சியதை அதன்மீது படிந்த கைகள் எழுதுகின்றன. கொடைக்கானல் ஏரிக்கரையிலோ, ஊர்த் திருவிழாவிலோ, குரங்கணிப் பாதையிலோ ஒரு குதிரையைக் காணும்போது, முன்புறம் ஓரமாக நின்று, மெல்லப் பேசி, உரிமையாளரின் ஒப்புதலோடு கையை நீட்டுங்கள். அது முகர்ந்து பார்க்கட்டும். நெருங்குவதா விலகுவதா என்பதை அதுவே முடிவு செய்யட்டும். விலகினால் சினவாதீர்கள். அதற்கு முன் அதை நெருங்கிய கைகள் எத்தகையனவோ என்று எண்ணிப் பாருங்கள்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் உழைக்கும் விலங்கு ஒன்றைத் தேர்ந்து, அதை வளர்ப்பவரிடம் உரையாடி, அவ்விலங்கின் இயல்புகளைத் தொகுத்து எழுதுக.

2. 'அச்சத்தால் விளையும் பணிவு அன்பாகாது' என்னும் கருத்து மனித உறவுகளுக்கும் பொருந்துமா? வகுப்பில் கலந்துரையாடுக.

3. மலையூர்களுக்குச் சாலை அமையும்போது பொதிவிலங்குகளுக்கும் அவற்றை நம்பி வாழ்வோருக்கும் செய்ய வேண்டுவன குறித்து, மாவட்ட ஆட்சியருக்கு ஒரு விண்ணப்பம் எழுதுக.