சிறு பாக்கெட்டின் பின்பக்கமும் பேசவேண்டும்

எங்கள் தோல் நோய்ப் பிரிவுக்கு ஓர் அம்மையார் பல மாதங்களாக வந்துகொண்டிருந்தார். கண்ணிமைகளிலும், காதுகளின் பின்புறத்திலும், கழுத்தின் இரு பக்கங்களிலும் அரிப்பு. தோல் சிவந்து செதில் உதிரும். களிம்பு தடவினால் தணியும், நிறுத்தினால் மீளும். தலைக்கு ஊற்றிய நீர் எவ்வழியே வழிந்தோடுமோ அவ்வழியே நோயும் பரவியிருந்தமையால், தலைக்குப் பயன்படுத்தும் பொருள்கள்மீது எங்களுக்கு ஐயம் எழுந்தது. ஒட்டுச் சோதனை செய்தோம். ஒவ்வாமை தரக்கூடிய பொருள்களைச் சிற்றளவில் முதுகில் ஒட்டி, இரண்டு நாள் கழித்து அகற்றி, அடுத்த சில நாள்களில் மீண்டும் பார்ப்பதே இச்சோதனை. மெத்தில்ஐசோதயசோலினோன் என்னும் பொருளை ஒட்டிய இடம் மட்டும் சிவந்து தடித்தது. அப்பெயரை ஓர் அட்டையில் எழுதிக் கொடுத்து, இது சேர்ந்த எதனையும் இனிப் பயன்படுத்த வேண்டா என்று சொல்லி அனுப்பினோம்.

அடுத்த முறை வந்தபோது அவர் தம் பையிலிருந்து ஐந்து பாக்கெட்டுகளை எடுத்து மேசைமேல் வைத்தார். ஷாம்பு இரண்டு, கண்டிஷனர் மூன்று. "டாக்டரம்மா, நீங்க எழுதிக் குடுத்த பேரு இதுல எங்க இருக்கு?" என்று கேட்டார். நாங்கள் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தோம். விலை இருந்தது, தயாரித்த மாதம் இருந்தது, பாதாம் பருப்பின் படமும் இருந்தது. உட்பொருள்களின் பட்டியல் ஒன்றிலும் இல்லை. எங்கள் அறிவுரை அவர் கையில் வெறும் அட்டையாகவே நின்றது.

அன்றுமுதல் எங்கள் மனத்தில் இருந்துவரும் கருத்தை இவ்விதழின் வாசகர்முன் வைக்கிறோம். கண்டிஷனர் போன்ற பொருள்களின் முன்பக்கம் விளம்பரம்; பின்பக்கமே மெய்யான செய்தி. அப்பின்பக்கத்தைப் படிக்க நோயாளிகளும் குடும்பத்தினரும் கற்றுக்கொள்ள வேண்டும். பெரிய குப்பி வாங்குவோர்க்கு மட்டுமின்றிச் சிறு பாக்கெட் வாங்குவோர்க்கும் அச்செய்தி கிடைக்கவேண்டும்.

முதலில், கண்டிஷனர் என்ன செய்கிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். தோலுக்கு வெளியே தெரியும் முடி உயிரற்றது. கெரட்டின் என்னும் புரதத்தாலான இழை. அதற்கு உணவூட்ட இயலாது. அதன்மேல் பூச மட்டுமே இயலும். ஷாம்புவால் கழுவிய முடியில் எதிர் மின்னூட்டம் மிகுந்திருக்கும்; இழைகள் ஒன்றையொன்று விலக்கிச் சிலிர்த்து நிற்கும், சிக்குப் பிடிக்கும். கண்டிஷனரில் உள்ள நேர் மின்னூட்டப் பொருள்கள் அவ்விழைகளில் ஒட்டிக்கொண்டு சிலிர்ப்பை அடக்குகின்றன. நம் வீடுகளில் செம்பருத்தி இலையையோ ஊறவைத்த வெந்தயத்தையோ அரைத்துத் தலையில் தேய்ப்பதும் வழவழப்பை நாடித்தான். இழைகளுக்கிடையே உராய்வு குறைந்தால் சீவும்போது முடி அறுந்துபோவதும் குறையும். இவ்வளவே கண்டிஷனரின் பணி. இது சிறிய பணியும் அன்று.

ஆனால் வேரிலிருந்து முடி உதிர்வதற்கும் கண்டிஷனருக்கும் தொடர்பில்லை. கடுங்காய்ச்சல், மகப்பேறு, பெரிய அறுவைச் சிகிச்சை ஆகியவற்றுக்குப் பின் இரண்டு மூன்று மாதங்களில் கொத்துக் கொத்தாக முடி கொட்டுவதுண்டு. அது பெரும்பாலும் சில மாதங்களில் தானே நின்று, முடி மீண்டும் வளரும். அக்காலத்தில் கலங்கிப்போன குடும்பங்கள் முன்பக்க வாசகத்தை நம்பி, விலையுயர்ந்த குப்பிகளை ஒன்றன்பின் ஒன்றாக வாங்குவதைக் காண்கிறோம். தானே வளர்ந்த முடிக்கான பெருமை கடைசியாக வாங்கிய குப்பிக்குப் போய்ச்சேருகிறது.

இனிப் பட்டியலைப் படிப்போம். நம் நாட்டு விதிகளின்படி, 1 விழுக்காட்டுக்கு மேற்பட்ட அளவில் சேர்ந்த பொருள்கள் மிகுதியானது முதலாக இறங்குவரிசையில் எழுதப்பட வேண்டும். 1 விழுக்காடும் அதற்குக் குறைவுமான பொருள்களை அவற்றின் பின் எவ்வரிசையிலும் எழுதலாம். ஆகவே முதல் ஐந்தாறு பெயர்களே அப்பொருளின் உடல். கண்டிஷனரில் முதலில் நிற்பது தண்ணீர். அக்வா என்றும் எழுதப்படும். அடுத்துப் பெரும்பாலும் செட்டைல் ஆல்கஹால் அல்லது செட்டியரைல் ஆல்கஹால் இருக்கும். ஆல்கஹால் என்னும் சொல்லைக் கண்டு அஞ்ச வேண்டா. இவை சாராயம் போன்றவை அல்ல, மெழுகு போன்ற கொழுப்புப் பொருள்கள். முடியை உலர்த்துவதில்லை, மென்மையாக்குகின்றன. பின்னர் செட்ரிமோனியம் குளோரைடு, பெஹென்ட்ரிமோனியம் குளோரைடு போன்ற பெயர்கள் வரும்; மேலே சொன்ன நேர் மின்னூட்டப் பொருள்கள் இவையே. டைமெத்திகோன், அமோடைமெத்திகோன் ஆகியவை சிலிக்கோன்கள். மேற்பூச்சாக நின்று பளபளப்புத் தருகின்றன. கிளிசரின், பாந்தினால் ஆகியவை ஈரம் ஈர்ப்பவை.

இரண்டு குப்பிகளை ஒப்பிட விரும்புவோர் இப்பெயர்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஒன்று மற்றதைப்போல் நான்கு மடங்கு விலையாக இருந்தும் முதல் ஐந்து பெயர்கள் ஏறத்தாழ ஒன்றாயிருந்தால், கூடுதல் பணம் எதற்கு என்று கேட்பதில் தவறில்லை. அளவுகள் பட்டியலில் இல்லாமையால் இரண்டும் முற்றிலும் ஒன்று என்று சொல்லிவிட இயலாது. ஆனால் அவை ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்று சொல்ல இயலும்.

முன்பக்கப் படத்தின் நேர்மையைச் சோதிக்கவும் ஒரு வழி உண்டு. ஃபினாக்சிஎத்தனால் என்பது கெடாமல் காக்கும் பொருள். ஐரோப்பிய ஒன்றியத்தில் அதற்கு உச்சவரம்பு 1 விழுக்காடு. பட்டியலில் அதற்குப் பின்னால் நிற்கும் எதுவும் மிகச் சிறிய அளவினதே என்று கொள்ளலாம். தாவரங்கள் பட்டியலில் இலத்தீன் பெயரால் குறிக்கப்படும். கோகோஸ் நியூசிஃபெரா என்றால் தென்னை, புரூனஸ் அமிக்டலஸ் டல்சிஸ் என்றால் பாதாம். முன்பக்கத்தை நிறைத்திருக்கும் பாதாம், பின்பக்கத்தில் நறுமணத்துக்கும் பின்னால் ஒதுங்கி நின்றால், நாம் வாங்குவது பாதாமின் படத்தையே.

"இது இல்லை, அது இல்லை" என்னும் வாசகங்களிலும் எச்சரிக்கை வேண்டும். பாராபென் என்னும் காப்புப் பொருள்கள்மீது அச்சம் பரவி, "பாராபென் இல்லை" என்பதே ஒரு தகுதியாயிற்று. ஆனால் அமெரிக்கத் தொடுதோல் அழற்சிச் சங்கம் 2019இல் பாராபென்களை "ஆண்டின் ஒவ்வாமையல்லாப் பொருள்" என்று அறிவித்தது. தோல் ஒவ்வாமை தருவதில் அவை மிகவும் பின்தங்கியவை என்பது அதன் பொருள். அதே சங்கம் 2013இல் "ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்" என்று அறிவித்தது, எங்கள் நோயாளியை வாட்டிய மெத்தில்ஐசோதயசோலினோனை. ஐரோப்பிய ஒன்றியம் தோலில் தங்கும் அழகுப் பொருள்களில் 2017 முதல் அதனைத் தடைசெய்தது. கழுவி நீக்கும் பொருள்களில் 2018 முதல் 0.0015 விழுக்காட்டுக்கு மேற்படக் கூடாதென்று வரையறுத்தது. நீர் கலந்த பொருளில் நுண்ணுயிர் வளராதிருக்க ஏதேனும் ஒரு காப்புப் பொருள் இருந்தே தீரவேண்டும். ஒன்று இல்லை என்றால் அதனிடத்தில் எது இருக்கிறது என்று கேட்பதே அறிவுடைமை. "இயற்கையானது" என்பதும் காப்பு ஆகாது. நறுமணத் தைலங்களில் உள்ள லிமோனீன், லினலூல் ஆகியவை காற்றுப் பட்டு மாறும்போது ஒவ்வாமை தரக்கூடியவை.

வேதிப் பெயர்கள் அனைத்தும் தீயவை என்று நாங்கள் சொல்லவில்லை. மிகப் பெரும்பாலோர்க்கு இப்பொருள்களால் தீங்கு இல்லை. ஆனால் ஒவ்வாமை கண்ட ஒருவருக்கு, ஒரே ஒரு பெயரைத் தவிர்ப்பதுதான் முழு மருத்துவம். வேறு மருந்து அதற்கு ஈடாகாது. தவிர்க்க வேண்டுமாயின் அப்பெயர் கண்ணில் படவேண்டும்.

இங்கேதான் எங்கள் குறை எழுகிறது. 2020ஆம் ஆண்டின் அழகுப் பொருள்கள் விதிகள் உட்பொருள் பட்டியலைக் கட்டாயமாக்குகின்றன. ஆயினும் 60 மில்லிலிட்டருக்குக் குறைந்த நீர்மங்களுக்கும், 30 கிராமுக்குக் குறைந்த திட, அரைத்திடப் பொருள்களுக்கும் விலக்கு அளிக்கின்றன. பெட்டிக்கடையில் சரமாகத் தொங்கும் பாக்கெட்டில் இருப்பது சில மில்லிலிட்டர் மட்டுமே. எனவே அதற்குப் பட்டியல் கட்டாயமில்லை. சில நிறுவனங்கள் தாமாகவே அச்சிடுகின்றன, அவர்களைப் பாராட்டுகிறோம். அச்சிடாதவர்களை விதி கேள்வி கேட்பதில்லை.

இந்தப் பாக்கெட் முறையில் தமிழ்நாட்டுக்குத் தனிப் பங்கு உண்டு. கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் இதன் முன்னோடியாகப் போற்றப்படுகிறார். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் தொடங்கிய தொழிலின் சிக் ஷாம்பு இம்முறையைச் சிற்றூர்கள்வரை கொண்டு சென்றது. குப்பி வாங்க வசதியில்லாதவரும் ஒரு நாள் தேவைக்கு மட்டும் வாங்கிக்கொள்ள முடிந்தது. அது நல்ல மாற்றம். ஆனால் பொருள் எளியவர் கைக்கு வந்தபோது பொருளைப் பற்றிய செய்தி உடன் வரவில்லை. குப்பி வாங்குபவர் பன்னிரண்டு பெயர்களைப் படித்துத் தேர்ந்தெடுக்கலாம். பாக்கெட் வாங்குபவர் படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். தோலோ இருவருக்கும் ஒன்றே.

சிறிய பாக்கெட்டில் இடம் இல்லை என்று சொல்லப்படலாம். அதனினும் சிறிய மாத்திரைப் பட்டையில் மருந்தின் பெயரும் அளவும் அச்சாகின்றனவே! விளம்பர வாசகத்தையும் படத்தையும் சற்றே சுருக்கினால் பட்டியலுக்கு இடம் கிடைக்கும். அதுவும் இயலாதெனின், காப்புப் பொருள்களையும் நறுமணப் பொருள்களையுமாவது அச்சிடட்டும். ஒவ்வாமைக்குப் பெரும்பாலும் காரணமாவோர் இவ்விரு கூட்டத்தாரே. முழுப் பட்டியலைக் கைப்பேசியில் காட்டும் குறியீட்டுக் கட்டத்தைக் கூடுதலாகச் சேர்க்கலாம். ஆயினும் திறன்பேசி இல்லாதோரும் நம்மிடையே உள்ளனர். ஆகவே அது அச்சுக்கு மாற்றாகிவிடக் கூடாது. விலக்கை நீக்கவேண்டும் என்பதே எங்கள் நிலைப்பாடு.

விதி மாறும்வரை, ஒவ்வாமை உறுதி செய்யப்பட்டவர்களுக்கும் குடும்பத்தினருக்கும் சில சொல்வோம். பட்டியல் அச்சிடப்படாத பாக்கெட்டை வாங்க வேண்டா. 60 மில்லிலிட்டரோ அதற்கு மேலோ உள்ள சிறு குப்பி ஒன்று பலநாள் வரும், பட்டியலும் இருக்கும். தவிர்க்கவேண்டிய பெயர் எழுதிய அட்டையைப் படமெடுத்துக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு, கடையில் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். மெத்தில்ஐசோதயசோலினோன் ஒவ்வாதவர்கள் மெத்தில்குளோரோஐசோதயசோலினோன் என்னும் அதன் உறவுப் பொருளையும் தவிர்க்க வேண்டும். முன்பு ஒத்துக்கொண்ட பொருளையும் மறுமுறை வாங்கும்போது படியுங்கள். பெயர் மாறாமலே உட்பொருள் மாறுவதுண்டு. ஐயமுள்ள கண்டிஷனரைத் தாமாகவே கையில் தடவி வைத்துச் சோதிக்க வேண்டா. கழுவி நீக்கவேண்டிய பொருள் தோலில் தங்கினால் ஒவ்வாமை இல்லாதவர்க்கும் எரிச்சல் தரும். எங்களிடம் வரும்போது நீங்கள் பயன்படுத்தும் குப்பி, டப்பா, பாக்கெட் அனைத்தையும் பையில் போட்டு எடுத்து வாருங்கள். இதில் கூச்சம் எதுவும் வேண்டா. களிம்புச் சீட்டைவிட அந்தப் பையே பல வேளைகளில் எங்களுக்கு வழிகாட்டுகிறது.

அந்த அம்மையார் இப்போது பட்டியல் உள்ள சிறு குப்பி ஒன்றைப் பயன்படுத்துகிறார். கண்ணிமைகள் தெளிந்துவிட்டன. ஆங்கிலம் படிக்கும் அவர் பேத்தி கடையில் நின்று எழுத்துக்கூட்டிப் பெயர்களைச் சரிபார்க்கிறாளாம். அந்தச் சிறுமி படிப்பதற்கு ஒரு வரி எல்லாப் பாக்கெட்டிலும் இருக்கவேண்டும். நாங்கள் கேட்பது அவ்வளவே.