சுமக்கிறவன் எப்போது வாத்தியார் ஆவான்?

வகுப்பறைக்கு வெளியே கற்பிப்பது இப்போது ஒரு தொழிலாக வளர்ந்துவருகிறது. பிள்ளைகளைக் காட்டுக்கும் மலைக்கும் ஏரிக்கும் கடற்கரைக்கும் அழைத்துப்போய், நடந்தும் தொட்டும் முகர்ந்தும் கற்கவைக்கிறார்கள். இதற்கென்றே ஆசிரியர்கள் உருவாகிறார்கள். அவர்களுக்குப் பயிற்சி முகாம்கள், பயிலரங்குகள், ஆண்டுக் கூட்டங்கள், சான்றிதழ்கள். நல்லது. சுவருக்குள் அடைத்துவைத்து மனப்பாடம் செய்யச்சொல்லும் கல்விமீது நமக்கும் பெரிய காதல் ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. வெளியில் பாடம் நடத்தும் தகுதி யாருக்கு? அந்தத் தகுதியைக் கொடுக்கும் அதிகாரம் யாரிடம்? இந்தத் தலையங்கம் அதைப் பற்றித்தான்.

நம் தோழர்கள் சிலர் முகம் சுளிக்கலாம். ‘வகுப்பறைக்குள்ள நுழையிறதுக்கே நம்ம பாட்டன் பூட்டன் உதைபட்டிருக்கான். உள்ள போயி ரெண்டு தலைமுறை ஆகல. அதுக்குள்ள வெளிய வா, மரத்தப் பாரு, மண்ணத் தொடுன்னா என்ன அர்த்தம்?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் நமக்கு மறக்கவில்லை. அரைநாள் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் தொழில். குலக்கல்வி என்று சரியாகப் பெயர்சூட்டித் தமிழகம் எதிர்த்தது. 1954இல் காமராசர் முதல்வரானதும் அது குப்பைக்குப் போனது. அந்தச் சந்தேகம் நமக்கு இருக்கத்தான் வேண்டும். ஆனால் அப்பன் தொழிலில் பிள்ளையைக் கட்டிப்போடுவதுதான் குலக்கல்வி. அப்பனுடைய அறிவை எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் பாடமாக்கி, அவனையே சம்பளம் வாங்கும் வாத்தியாராக உட்காரவைப்பது அதற்கு நேர் எதிரானது. நாம் கேட்பது இரண்டாவது.

வெளி என்பது எல்லோருக்கும் பொது என்று சொல்கிறவர்கள் ஊருக்குள் வந்து பார்க்கட்டும். குளத்துக்குப் படித்துறை வேறு, சுடுகாட்டுக்குப் பாதை வேறு. 1934இல் அண்ணல் அம்பேத்கர் சுமார் முப்பது தோழர்களுடன் எல்லோராக் குகைகளைப் பார்க்கப் பயணம் போனார். வழியில் தௌலதாபாத் கோட்டை. புழுதி படிந்த முகத்தை வாசலில் இருந்த குளத்தில் கழுவிக்கொண்டார்கள். தீண்டப்படாதவர்கள் குளத்தைத் தீட்டாக்கிவிட்டார்கள் என்று கூட்டம் கூடிவிட்டது. கடைசியில் உள்ளே எங்கும் தண்ணீரைத் தொடக்கூடாது என்று சொல்லி, ஆயுதம் தாங்கிய ஒரு காவலரைக் கூடவே அனுப்பித்தான் கோட்டையைப் பார்க்கவிட்டார்கள். கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துப் பட்டம் வாங்கி வந்தவருக்கு இந்த கதி. வெளியில் போவதும் வெளியைக் காட்டிப் பாடம் சொல்வதும் நமக்கு என்றைக்கும் பொழுதுபோக்காக இருந்ததில்லை. அது உரிமைப் பிரச்சினை.

பயிற்சி தேவையில்லை என்று நாம் சொல்லவில்லை. பயிற்சி இல்லாதவன் கையில் பிள்ளைகளை ஒப்படைத்தால் என்ன ஆகும் என்பதற்குச் சாவுகளே சாட்சி. 1971 நவம்பரில் ஸ்காட்லாந்தின் கெய்ர்ன்கார்ம் மலையில் பனிப்புயலில் சிக்கி, எடின்பரோ மாணவர்கள் ஐந்து பேரும் அவர்களோடு போன இளம் பயிற்சியாளர் ஒருவரும் செத்துப்போனார்கள். பிள்ளைகளை மலைக்கு அழைத்துப்போகிறவருக்கு என்ன தகுதி வேண்டும் என்ற கேள்வி அதற்குப் பிறகு அங்கே கூர்மையானது. நம் மண்ணில் 2018 மார்ச் 11ஆம் தேதி. தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீ. மலையேறப் போனவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் வெந்து மாண்டார்கள். கோடையில் காய்ந்துகிடக்கும் புல்வெளியில் நெருப்பு எப்படி ஓடும், எந்தப் பக்கம் இறங்க வேண்டும் என்று படிப்பது புத்தகத்தில் அல்ல. அந்த மலையிலேயே கிடந்து உழைக்கிற சனத்துக்கு அது தெரியும். அந்த அறிவுக்கு அன்று மரியாதை எங்கே இருந்தது?

அதே 2018இல் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்த அரசு விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று ஒரு திட்டம் தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 வழித்தடங்கள். காட்டோரக் கிராமங்களையும் பழங்குடி ஊர்களையும் சேர்ந்த இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து வழிகாட்டிகள் ஆக்கியிருக்கிறார்கள். இதை வரவேற்கிறோம். ஆனால் வரவேற்பதோடு நின்றுவிட மாட்டோம். வழிகாட்டி என்ற படிக்கு மேலே என்ன படி இருக்கிறது? இருபத்தைந்து வயதில் வழிகாட்டியாகச் சேர்ந்தவன் நாற்பத்தைந்திலும் முன்னால் நடந்து முள்ளை ஒதுக்கிக்கொண்டே இருப்பானா, இல்லை அடுத்த தலைமுறை வழிகாட்டிகளுக்குப் பாடம் நடத்துகிற இடத்துக்கு வருவானா? பாடத்திட்டம் எழுதுகிற மேசையில் அவனுக்கு நாற்காலி உண்டா? அதைச் சொல்லாத வரைக்கும் அது பாதி வேலைதான்.

சென்ற ஆண்டு ஒரு இயற்கைக் கல்விப் பயிலரங்குக்குப் போயிருந்தேன். நடத்தியவர்கள் பெயர் இங்கே வேண்டாம். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு புதர்க்காடு. பணம் கட்டி வந்தவர்கள் முப்பது பேர், பெரும்பாலும் ஆசிரியர்கள். இரண்டு நாளும் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு இருளர் பெரியவர். வளையின் வாயில் சிலந்தி வலை பின்னியிருந்தால் கொஞ்ச நாளாக எதுவும் உள்ளே போய்வரவில்லை என்று அர்த்தம். வாய் வழவழப்பாக இருந்தால் ஆள் நடமாட்டம் உண்டு என்றார். உரித்துப்போட்ட சட்டையை வைத்து என்ன பாம்பு என்றார், எவ்வளவு நீளம் என்றார். முடிவில் எங்களுக்கெல்லாம் சான்றிதழ். அவருக்கு உறையில் இரண்டு நாள் கூலி. அவர் தயங்கித் தயங்கி, ‘எனக்கும் ஒரு பேப்பரு குடுப்பீங்களா சார்?’ என்றார். நடத்துகிறவர், அவர் மகன் வயதுகூட இருக்காது, சிரித்துக்கொண்டே, ‘ஒனக்கு எதுக்குப்பா? நீதான் எல்லாம் தெரிஞ்சவனாச்சே’ என்றார்.

இந்த வாக்கியத்துக்குள் ஒரு சாதியக் கருத்தியலே உட்கார்ந்திருக்கிறது. தெரியாதவனுக்குச் சான்றிதழ். தெரிந்தவனுக்குக் கூலி. ‘நீங்க’ என்று சொல்லக்கூட வாய் வரவில்லை. அந்தக் காகிதம் இருந்தால் அவரே பத்துப் பள்ளிக்கூடங்களில் போய் நிற்பார், பயிற்றுநர் என்று பெயர்போட்டு ஊதியம் கேட்பார். அது நடந்துவிடக்கூடாது என்பதற்காகத்தான் புகழ்ச்சி.

இருளர்களின் கதை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பாம்புத்தோல் ஏற்றுமதி 1976இல் தடைசெய்யப்பட்டதும் அவர்கள் பிழைப்பு போனது. 1978இல் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் பிடித்து, விஷம் எடுத்து, மறுபடி காட்டில் விட்டுவிடுகிறார்கள். பாம்புக்கடி மருந்துக்கு அந்த விஷம்தான் மூலப்பொருள். 2017இல் அமெரிக்காவின் புளோரிடாவில் பெருகிவிட்ட மலைப்பாம்புகளைப் பிடிக்க மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும் அழைத்துப்போனார்கள். ஒரு மாதத்துக்குள் இருபதுக்கும் மேல் பிடித்துக்கொடுத்தார்கள். அங்குள்ள பல்கலைக்கழகமும் வனவிலங்குத் துறையும் அவர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ள நின்றன. 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ. விருது கொடுக்கலாம், வகுப்பு மட்டும் கொடுக்க முடியாதா?

நான் வங்கியில் எழுத்தர். எங்கள் கிளையில் புதிய கணினி முறை வந்தால் எங்களைப் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள். போகிற நாட்களுக்குச் சம்பளம் பிடிப்பதில்லை. பயணப்படி உண்டு, தங்க இடம் உண்டு. வங்கித் தேர்வு எழுதித் தேறினால் ஊதிய உயர்வு உண்டு. யாரும் தானமாகக் கொடுத்ததல்ல. தொழிற்சங்கம் போராடி வாங்கியது. இப்போது வெளியில் பாடம் நடத்த விரும்பும் ஒரு தினக்கூலியின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மலையேற்றப் பள்ளிகளில் பயிற்றுநர் பயிற்சியில் சேர வேண்டுமானால் அடிப்படைப் பயிற்சி, உயர்நிலைப் பயிற்சி இரண்டிலும் ‘ஏ’ தரம் வாங்கியிருக்க வேண்டும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய நான்கு வாரம். டார்ஜிலிங்குக்கோ உத்தரகாசிக்கோ ரயில் ஏற வேண்டும். பாடம் இந்தியிலோ ஆங்கிலத்திலோ நடக்கும். அத்தனை நாளும் வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும்? தகுதி அளவுகோல் என்ற பெயரில் வைக்கப்பட்டிருக்கிற பூட்டு இது. சாவி யார் இடுப்பில் தொங்குகிறது என்று உங்களுக்குத் தெரியும்.

முடியாத காரியம் ஒன்றுமில்லை. முன்னுதாரணம் இருக்கிறது. டென்சிங் நோர்கே 1935இல் சுமைதூக்கியாகத்தான் எவரெஸ்ட் பயணத்தில் சேர்ந்தார். 1953 மே 29இல் உச்சியில் நின்றார். அடுத்த ஆண்டு டார்ஜிலிங்கில் இமயமலை மலையேற்றப் பயிற்சி நிறுவனம் தொடங்கப்பட்டபோது களப்பயிற்சி இயக்குநர் ஆனார். எழுதப்படிக்கத் தெரியாதவர் என்று யாரும் கதவை மூடவில்லை. எவரெஸ்ட் ஏறியவருக்கும் பாடம் நடத்துவது தனிக் கலை என்பதால், அவரையும் சில ஷெர்பாக்களையும் சுவிட்சர்லாந்துக்கு அனுப்பிக் கற்பிக்கும் முறையைப் பயிலவைத்தார்கள். சுமந்தவன் வாத்தியார் ஆனான். ஆனாலும் முதல்வர் நாற்காலி ராணுவ அதிகாரிக்குத்தான் போனது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இன்னொன்று, நமக்கு இன்னும் நெருக்கமானது. அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் சமூகநல உறைவிடப் பள்ளிகளில், ஆர். எஸ். பிரவீண்குமார் செயலராக இருந்தபோது, தலித், பழங்குடிப் பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்து போங்கீர் பாறைக்கோட்டையில் ஏறப் பழக்கினார்கள். அவர்களில் தேறியவர்களை டார்ஜிலிங்குக்கு அனுப்பினார்கள். 2014 மே 25இல் மாலாவத் பூர்ணா, சாதனபள்ளி ஆனந்த்குமார் இருவரும் எவரெஸ்ட் உச்சியில் நின்றார்கள். பூர்ணா பழங்குடிப் பெண், பதினான்கு வயதுகூட நிரம்பவில்லை. ஆனந்த் தலித் பையன். அந்தப் பிள்ளைகளின் காலில் வலு எப்போதும் இருந்தது. பள்ளிக்கூடமே பயிற்றுநரைத் தேடிக் கொண்டுவந்து பாறையடியில் நிறுத்தியது, அதுதான் புதுசு. நம் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளுக்கும் விடுதிகளுக்கும் அப்படி ஒரு பயிற்றுநர் எப்போது வருவார்? வந்தால் அவர் நம்மில் ஒருவராக இருப்பாரா?

ஆகவே நம் கோரிக்கைகள் இவை. ஒன்று, வெளிப்புறக் கல்விக்கான பயிற்றுநர் பயிற்சி தமிழில், தமிழ்நாட்டு மலையிலும் காட்டிலும் கடலோரத்திலும் அரசுச் செலவில் நடக்க வேண்டும். பயிற்சி நாட்களுக்கு நாள்கூலி கொடுக்க வேண்டும். பெண்கள் வருவதற்கு ஏற்றபடி, கைக்குழந்தையோடு வந்தாலும் தங்க இடம் வேண்டும். இரண்டு, களத்தில் கழித்த ஆண்டுகள் தகுதியாக எண்ணப்பட வேண்டும். பாம்பு பிடிக்கிறவரும் தேன் எடுக்கிறவரும் வலை வீசுகிறவரும் விதை காக்கும் பாட்டியும் கற்பிக்கும் முறையும் முதலுதவியும் மட்டும் பயின்று பயிற்றுநர் சான்றிதழ் பெறலாம் என்று ஆணை வேண்டும். மூன்று, வழிகாட்டிக்கு மேலே மூத்த வழிகாட்டி, பயிற்றுநர், பாடத்திட்டக் குழு உறுப்பினர் என்று படிகள் எழுத்தில் வேண்டும். நான்கு, நம் நலப்பள்ளிகள் ஒவ்வொன்றுக்கும் இப்படிப்பட்ட பயிற்றுநர் வர வேண்டும்.

அரசு செய்யும்வரை நாம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. இந்தத் துறையின் கூடுகைகள் மலைவாசத்தலத்து விடுதிகளில் நடக்கின்றன. அங்கே நம் ஆட்கள் மேசை துடைக்க மட்டும் போகிறார்கள். நாம் நம் கூடுகையைச் சேரியில், ஏரிக்கரையில், இருளர் குடியிருப்பில் நடத்துவோம். ஒரு நாள் போதும். காலையில் நடை, தெரிந்தவர் முன்னால், ஆசிரியர்கள் பின்னால். மதியம் எல்லோருக்கும் ஒரே பந்தி. சாயங்காலம் கணக்கு: யாருக்கு என்ன தெரியும், யார் யாருக்குச் சொல்லித்தர முடியும், அதற்கு என்ன ஊதியம் என்று பெயர்பெயராக எழுதுவோம். அந்தப் பதிவேடுதான் நம் முதல் சான்றிதழ். உங்கள் ஊரில் அப்படிப்பட்டவர்கள் இருந்தால், அவர்கள் சம்மதத்தோடு, இதழ் முகவரிக்கு ஒரு அஞ்சலட்டை எழுதுங்கள். பெயருக்குப் பின்னால் ‘கூலி’ என்று எழுதாதீர்கள். ‘ஆசிரியர்’ என்று எழுதுங்கள்.