இது, உது, அது



இந்த மாதம் வந்த கடிதங்களில் ஒன்றை நான் இன்னும் கோப்பில் சேர்க்கவில்லை. எழுதியவர் நம் நெடுநாள் வாசகி. மகளின் பிரசவத்துக்காக அமெரிக்காவில் டெக்ஸஸ் மாநிலத்து ஹூஸ்டனுக்குப் போனவர். குழந்தைக்கு மூன்று மாதம் முடிந்ததும், "எத்தனை நேரம்தான் ஜன்னலையே பார்த்துட்டிருப்ப? போய் நாலு பேரோட பேசும்மா" என்று மகள் இவரைப் பக்கத்து நூலகத்தில் நடக்கும் இலவச ஆங்கில வகுப்பில் சேர்த்துவிட்டாளாம்.

வகுப்பு நிறைய ஸ்பானிஷ் பேசுகிறவர்கள். மெக்ஸிகோ, ஹோண்டுராஸ், வெனிசுவேலா என்று பல ஊர். நம் வாசகிக்குப் பக்கத்து நாற்காலியில் மெக்ஸிகோவிலிருந்து வந்த ஒரு பாட்டி. செல்போனில் பேரப்பிள்ளைகளின் படத்தைக் காட்டிக் காட்டியே இரண்டு பேரும் சிநேகமாகிவிட்டார்கள்.

கடிதம் இப்படிப் போகிறது: "திஸ், தட், தீஸ், தோஸ். நமக்கெல்லாம் சின்ன கிளாஸ் பாடம். அந்தம்மாவுக்கு இதில் என்ன கஷ்டம் என்றே எனக்குப் புரியவில்லை. 'திஸ் பீப்பிள்' என்கிறார். திஸ்ஸும் தீஸும் அவர் வாயில் ஒன்றாகவே வருகிறது. எனக்குள்ளே சிரித்துக்கொண்டேன். அடுத்த நிமிஷமே டீச்சர் என்னைக் கேட்டார். நான் 'திஸ் புக்ஸ்' என்றேன். அந்தம்மா வாய்விட்டே சிரித்துவிட்டார். ஏன் சார், இவ்வளவு சின்ன விஷயத்தில் ஏன் இவ்வளவு தகராறு?"

நல்ல கேள்வி. ஸ்பானிஷைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் உலகத்தில் சுமார் 50 கோடிப் பேர். 20 நாடுகளில் அது ஆட்சிமொழி. அமெரிக்காவில் மட்டும் வீட்டுக்குள் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் நாலு கோடி இருப்பார்கள். அவற்றில் எத்தனையோ வீடுகளில் யாரோ ஒருவர் ஆங்கிலத்தின் முதல் பாடத்தில் இந்த நாலு சொல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். அது அறிவுக் குறைவா? இல்லவே இல்லை. அவர்கள் வீட்டில் சாமான் அதிகம், அவ்வளவுதான்.

பாருங்களேன். ஸ்பானிஷில் ஒரு பொருளைச் சுட்டிக் காட்ட மூன்று இடம் உண்டு. என் பக்கத்தில் இருந்தால் 'எஸ்தே'. உங்கள் பக்கத்தில் இருந்தால் 'எசே'. நம் இருவருக்குமே எட்டாமல் தள்ளி இருந்தால் 'அக்கெல்'. இவை மூன்றும் ஆண்பால், பெண்பால், ஒருமை, பன்மை என்று பிரியும். புத்தகம் ஆண்பால், மேஜை பெண்பால். ஆகவே புத்தகத்துக்கு எஸ்தே என்றால் மேஜைக்கு எஸ்தா. பெயர் தெரியாத பொருளுக்கும், பேச்சில் வரும் ஒரு விஷயத்துக்கும் எஸ்தோ, எசோ, அக்கேயோ என்று இன்னொரு மூன்று. எல்லாவற்றையும் கூட்டினால் பதினைந்து சொல்.

ஆங்கிலத்தில் நாலே நாலு.

பதினைந்து தெரிந்தவருக்கு நாலு கற்றுக்கொள்வது சுலபம்தானே என்று கேட்பீர்கள். பெரிய வீட்டைக் காலி செய்துவிட்டு ஒற்றை ரூமுக்குக் குடிபோனவர்களைக் கேட்டுப் பாருங்கள். சாமானை எங்கே வைப்பது என்பதுதான் அங்கே தலைவலி. எசே, எசா, எசோ, அக்கெல், அக்கேயா, அக்கேயோ என்ற ஆறையும் 'தட்' என்ற ஒரே மூலையில் அடுக்க வேண்டும். "உன் கையில் இருப்பதும் தட், மலைக்கு அந்தப் பக்கம் இருப்பதும் தட்டா?" என்று அந்தப் பாட்டிக்கு மனசு ஒப்பவில்லை. நியாயம்தானே?

ஒரு டோனட் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி அலமாரிக்கு அந்தப் பக்கம் விற்கிற பெண். இந்தப் பக்கம் நம் பாட்டி. பாட்டிக்குச் சர்க்கரை தூவிய இரண்டு வேண்டும். ஸ்பானிஷில் யோசிக்கவே வேண்டாம். விற்கிற பெண்ணின் பக்கம் இருப்பதால் 'எசாஸ்'. ஆங்கிலத்தில் கேட்க நினைத்ததும் கை கண்ணாடியைத் தொடுகிறது. தொட்டுக்கொண்டிருப்பதால் தீஸா? பண்டம் கண்ணாடிக்குள் இருப்பதால் தோஸா? பின்னால் வரிசையில் நாலு பேர். அவசரத்தில் வாயில் வருவது 'திஸ்'. அந்தப் பெண் ஒன்றே ஒன்றை எடுத்துப் பையில் போடுகிறாள்.

சரி, தோஸ் என்றே சொல்லியிருந்தால்? அதிலும் ஒரு வேடிக்கை. ஸ்பானிஷில் 'இரண்டு' என்பதற்குச் சொல்லே 'தோஸ்'தான்! 'அவை' என்று ஆங்கிலக்காரர் சொன்னால் 'இரண்டு' என்று ஸ்பானிஷ்காரர்கள் காதில் விழுகிறது. (நம் காதில் தோசையில் பாதி விழுகிறது, அது வேறு கதை.)

டீச்சர்கள் வழக்கமாகச் சொல்லித்தரும் வழி எளிமையானது. உட்கார்ந்த இடத்திலிருந்து கையை நீட்டித் தொட முடிந்தால் திஸ், தீஸ். முடியாவிட்டால் தட், தோஸ். எசேயா அக்கெல்லா என்ற யோசனையே வேண்டாம், இரண்டுக்கும் ஒரே கதவு. இது வகுப்பறைக்காகக் கட்டிய சூத்திரம் மட்டும் இல்லை. கென்னி காவென்ட்ரி என்ற ஆய்வாளரும் பல நாட்டு அறிஞர்களும் சேர்ந்து 29 மொழிகளை எடுத்துச் செய்த ஓர் ஆய்வு 2023-இல் வெளியானது. சுட்டுச் சொற்களில் கைக்கு எட்டுவது, எட்டாதது என்ற கோடு அந்த மொழிகளில் எல்லாம் தென்பட்டது. மூன்றாவதாக ஒரு சொல்லை வைத்துக்கொள்வதும் வைத்துக்கொள்ளாததும் அந்தந்த மொழியின் வசதி.

இப்போது உச்சரிப்பு. இங்கேதான் நம் வாசகி கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். நமக்குக் குறில், நெடில் பிறந்த வீட்டுச் சொத்து. திஸ் வேறு, தீஸ் வேறு என்று தமிழ்க் காது சட்டென்று பிரித்துவிடும். ஸ்பானிஷில் உயிர் ஐந்தே ஐந்து. குறில், நெடில் பேதம் கிடையாது. கப்பலும் செம்மறியாடும், அதாவது ஷிப்பும் ஷீப்பும், அவர்களுக்கு ஒரே சத்தம். காதில் விழாத வித்தியாசத்தை வாய் எப்படிச் சொல்லும்? "நல்லா வாயை இழுத்துச் சொல்லுங்க" என்று டீச்சர் சொன்னால், பாட்டி புன்னகை செய்வது மாதிரி உதட்டை இழுத்து இன்னொரு தரம் அதே 'திஸ்'ஸைச் சொல்வார்.

ஆனால் முதல் எழுத்தின் சத்தம் இரண்டு பேருக்குமே வீட்டிலேயே இருக்கிறது. 'அது' என்று மெல்லச் சொல்லிப் பாருங்கள். நடுவில் நாக்கு பல்லை லேசாகத் தொட்டு, காற்று கசிகிறதல்லவா? ஆங்கிலத் 'தட்'டின் முதல் சத்தம் அதுதான். ஸ்பானிஷில் 'ஒன்றுமில்லை' என்பதற்கு 'நாதா' என்பார்கள்; அதன் நடுவிலும் அதே சத்தம். சொல்லின் நடுவே இருப்பதை முதலுக்குக் கொண்டுவந்தால் போதும். இரண்டு பாட்டிகளும் அதுவும் நாதாவும் சொல்லிப் பழகட்டும்.

அடுத்தது ஒருமை, பன்மை. இங்கே பெருமை அந்தப் பக்கம். 'எஸ்தே' ஒருமை, 'எஸ்தோஸ்' பன்மை என்று ஸ்பானிஷ்காரர்கள் பேசத் தொடங்கிய நாளிலிருந்தே பழகியவர்கள். சத்தம் 'திஸ்' மாதிரி விழுந்தாலும், பன்மைக்கு வேறு சொல் வேண்டும் என்பது அவர்களுக்குத் தானாக வரும். நமக்கு? இந்தப் புத்தகம், இந்தப் புத்தகங்கள். ஒன்றானாலும் நூறானாலும் 'இந்த' அசையாது. நம் வாசகி 'திஸ் புக்ஸ்' என்றதற்கு இதுதான் காரணம். நம் வீட்டுப் பிள்ளைகளின் ஆங்கில நோட்டில் சிவப்பு மையால் சுழிக்கப்படுகிற அதே தப்பு.

அப்படியானால் பன்மையில் கெட்டிக்காரியான மெக்ஸிகோப் பாட்டி 'திஸ் பீப்பிள்' என்று ஏன் சொன்னார்? அவர் மொழியில் மக்கள் என்பதற்கான 'ஹென்தே' ஒருமை, அதுவும் பெண்பால்! கூட்டமாக நூறு பேர் நின்றாலும் 'எஸ்தா ஹென்தே'தான். அதை அப்படியே மாற்றினால் 'திஸ் பீப்பிள்'. மறுபக்கம், செய்தி அவர்களிடம் பன்மை, நாற்காலி மேஜை போன்ற தட்டுமுட்டுச் சாமான் பன்மை, புத்திமதி பன்மை. ஆங்கிலத்தில் இவை மூன்றும் எண்ணிக்கைக்குள் வராதவை. ஆகவே 'தீஸ் நியூஸ்', 'தீஸ் ஃபர்னிச்சர்ஸ்', 'தீஸ் அட்வைசஸ்'. கடைசி இரண்டும் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? நம் ஊர்க் கடை போர்டுகளைப் பாருங்கள்.

சுட்டிக் கேட்டால் பதிலுக்குச் சுட்டக் கூடாது என்பது இன்னொரு சங்கடம். "வாட் இஸ் திஸ்?" என்று சாவியைக் காட்டினால், "இட் இஸ் எ கீ" என்று சொல்ல வேண்டும். அந்த 'இட்' ஸ்பானிஷில் தேவையே இல்லை. வினைச்சொல்லிலேயே எழுவாய் அடங்கிவிடும். ஆகவே "இஸ் எ கீ" என்று பாட்டி நிறுத்திக்கொள்வார். நாமோ "சாவி" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிற ஆட்கள். நாம் எங்கே குறை சொல்ல?

டெலிபோனிலும் இதே பாடு. "சோய் மரியா", அதாவது "நான் மரியா" என்று சொல்லிப் பழகியவர், ஆங்கிலத்தில் "திஸ் இஸ் மரியா" என்று தன்னையே ஒரு பொருளைக் காட்டுவது போலக் காட்ட வேண்டியிருக்கிறது. முதல் முறை சொல்லும்போது யாருக்கும் வெட்கமாகத்தான் இருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பேச்சு நடுவில் வார்த்தை வராமல் தடுமாறும்போது மெக்ஸிகோக்காரர்கள் "எஸ்தே... எஸ்தே..." என்று இழுப்பார்கள். 'இது... இது...' என்று பொருள். நாம் என்ன செய்கிறோம்? "அது வந்து..." என்று இழுக்கிறோம். கடன் கேட்க வந்தவரும், பொண்ணு கேட்க வந்தவரும் அது வந்து என்றுதான் ஆரம்பிப்பார்கள். எதை எடுப்பது என்று தெரியாதபோது இரண்டு மொழிக்காரர்களும் காற்றையே சுட்டிக் காட்டுகிறோம்.

தாய்மொழிச் சுட்டு ஸ்பானிஷ்காரர்களுக்குள்ளேயே சண்டை மூட்டிய கதையும் உண்டு. எஸ்தே பெயர்ச்சொல் இல்லாமல் தனியாக நின்றால் மேலே ஒரு சின்னக் கோடு போட்டு எழுதும் பழக்கம் இருந்தது. அந்தக் கோடு வேண்டியதில்லை என்று 1713-இல் தொடங்கிய ஸ்பெயினின் மொழி அகாடமி 2010-ஆம் ஆண்டு எழுத்து விதிநூலில் சொன்னது. பல எழுத்தாளர்கள் "நாங்கள் போடத்தான் போடுவோம்" என்று இன்றும் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒரு கோட்டை விடவே இந்தப் பாடு என்றால், வயதான காலத்தில் பதினைந்து சொல்லைவிட்டு நாலுக்கு மாறுகிறவரை என்ன சொல்வது?

இதில் எனக்கு ஒரு கவலை இருக்கிறது. அமெரிக்காவில் ஸ்பானிஷ் பேசும் பல வீடுகளில் பிள்ளைகள்தான் பெற்றோருக்கு மொழிபெயர்ப்பாளர். ஆஸ்பத்திரியிலும் பேங்கிலும் பத்து வயதுப் பெண் அம்மாவுக்காகப் பேசுகிறாள். அம்மா துணிந்து வாய் திறந்து "திஸ் பேப்பர்ஸ்" என்றதும், "தீஸ்ம்மா!" என்று எல்லோர் முன்னாலும் திருத்துகிறாள். அம்மா அதற்கப்புறம் வாயைத் திறப்பாரா? நம் வீடுகளிலும் பேரண்ட்ஸ் மீட்டிங்குக்குப் போகும் அப்பாவிடம் "நீ பேசாதப்பா, நான் பேசிக்கிறேன்" என்று சொல்கிற பிள்ளைகள் இல்லையா? திருத்துங்கள், தப்பில்லை. வீட்டுக்கு வந்து, மேஜையில் இரண்டு கரண்டியும் நாலு வெங்காயமும் வைத்து, விளையாட்டாகத் திருத்துங்கள். ஒன்றைக் கையில் எடுத்துத் திஸ், இரண்டை எடுத்துத் தீஸ், அடுப்படியில் இருப்பதைக் காட்டித் தட். கையும் வாயும் சேர்ந்து போகும்போது பதிகிற மாதிரி பட்டியல் எழுதி மனப்பாடம் செய்யும்போது பதியாது.

இனி நம் வாசகிக்கு நேரடியாக ஒரு வார்த்தை.

அம்மா, உங்கள் சிநேகிதியின் 'எசே' இருக்கிறதே, எதிரே இருப்பவர் பக்கத்துப் பொருளைக் காட்டும் அந்த நடுச் சொல், அது நமக்கும் இருந்தது. அ, இ, உ மூன்றையும் சுட்டு என்று தொல்காப்பியமும் சொல்கிறது, நன்னூலும் சொல்கிறது. இது, உது, அது. இவன், உவன், அவன். தமிழ்நாட்டுப் பேச்சில் நடுவில் இருந்ததை எப்போதோ தொலைத்துவிட்டோம். யாழ்ப்பாணத்தார் இன்னும் விடவில்லை. "உதென்ன கையிலை?" என்று அவர்கள் கேட்டால், உங்கள் கையில் இருப்பதைத்தான் கேட்கிறார்கள். உங்கள் வகுப்பு டீச்சரின் மொழியிலும் மூன்றாவதாக 'யான்' என்று ஒன்று இருந்தது. ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்துப் பக்கமும் பேச்சில் இன்னமும் கேட்கிறதாம். அடுத்த வகுப்பில் அந்த மெக்ஸிகோ அம்மாவிடம் எஸ்தே, எசே, அக்கெல் என்று சொல்லிவிட்டு இது, உது, அது என்று விரல் விட்டுக் காட்டுங்கள். அவருக்குச் சட்டென்று புரியும். டீச்சருக்குப் புரிய இரண்டு நிமிஷம் ஆகலாம்.

மற்ற வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது பேச்சுவாக்கில் 'உது' என்றோ 'உங்கே' என்றோ சொல்லக் கேட்டிருக்கிறீர்களா? எந்த ஊர், எதைக் காட்டிச் சொன்னார்கள் என்று ஒரு அஞ்சலட்டையில் நாலு வரி எழுதி அனுப்புங்கள். வருகிற இதழில் இந்தப் பக்கத்தை உங்களுக்கே விட்டுக்கொடுக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்