தகரப் படகும் தந்தையரும்



திருவிழாக் கடைகளில் விற்கும் தகர நீராவிப் படகை நம்முள் பலர் சிறுவயதில் ஓட்டி மகிழ்ந்திருக்கிறோம். 1891ஆம் ஆண்டில் தாமஸ் பியோ என்பார் இங்கிலாந்தில் இதன் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அன்று 'படபட' ஓசையை மட்டுமே கேட்டோம். இன்று அதன் காரணத்தையும் அறியலாம்.

குழாய்களில் நீர் நிரப்பி, பெட்டியின் அடியில் திரியை ஏற்றுகிறோம். உள்ளிருக்கும் நீர் ஆவியாகி, குழாய் நீரைப் பின்னே தள்ளுகிறது. ஆவி குளிர்ந்ததும் வெளிநீர் உள்ளே ஏறுகிறது. வெளியேறும் நீர் பின்னோக்கி நேராகப் பாய்கிறது. உள்ளேறும் நீரோ எப்பக்கமிருந்தும் வருகிறது. ஆதலால் படகு பின்வாங்காது முன்னேறுகிறது.

லைட்ஹவுஸ் குப்பத்தில் எஞ்சின் படகோட்டும் தந்தையர்க்கு இதை விளக்குவது எளிது. கடலுக்குச் செல்லும் அவர்கள் பிள்ளைகளோடு இருக்கும் நேரமோ குறைவு. வளர்ந்தவர்க்கு விளையாட்டு எதற்கென்று நாணற்க. பொம்மையை வாங்கிக் கொடுத்துவிட்டு எழுந்து போகாதீர்கள். அண்டாவில் நீர் நிரப்பி, திரியை நீங்களே ஏற்றி, பிள்ளையின் அருகில் அமருங்கள். அவன் கேட்கும் 'ஏன்?' என்ற கேள்விக்குப் பொறுமையாய் விடை கூறுங்கள். பொம்மை துருப்பிடிக்கும்; உடனிருந்த அந்த மாலைப்பொழுது பிள்ளையின் நெஞ்சில் நிலைக்கும்.