பேய்க்கு ஊற்றிய கஞ்சி

பேய் உண்டா, இல்லையா என்ற வழக்கை நாம் இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. போரைப் பாடிய இலக்கியங்களில் பேய்கள் நிறையவே உண்டு. அவை ஏன் வந்தன என்பதே நம் கேள்வி.

குலோத்துங்க சோழனின் கலிங்க வெற்றியை 12-ஆம் நூற்றாண்டில் செயங்கொண்டார் பரணியாகப் பாடினார். அதில் பசி தாங்காத பேய்கள் காளியிடம் முறையிடுகின்றன. போர் முடிந்ததும் களத்துப் பிணங்களைக் கொண்டே கூழ் காய்ச்சுகின்றன. குருட்டுப் பேய்க்கும் ஊமைப் பேய்க்கும்கூடப் பங்கு உண்டு. உண்டு முடித்து மன்னனை வாழ்த்துகின்றன. தமிழின் அழகுக்குக் குறைவே இல்லை. ஆனால் கூழாகிப்போன அந்தக் கலிங்க வீரன் யார் பெற்ற பிள்ளை? வென்றவனைப் புகழ எழுந்த பாட்டில் அந்தக் கேள்விக்கு இடமில்லை.

வியட்நாமிலோ வென்ற பக்கத்திலிருந்தே அந்தக் கேள்வி எழுந்தது. அமெரிக்க வல்லரசை எதிர்த்து நின்று 1975-இல் வென்ற மக்கள் அவர்கள். அந்தப் படையில் போரிட்ட பாவோ நின், பிறகு 'போரின் துயரம்' என்ற நாவலை எழுதினார். அவருடைய படைப்பிரிவில் 500 பேர் போனார்கள். மிஞ்சியவர் பத்துப் பேர். நாவலின் நாயகன் கியென், போர் ஓய்ந்தபின் லாரியில் காட்டுக்குப் போய், காணாமல்போன வீரர்களின் எலும்புகளைத் திரட்டுகிறான். அலறும் ஆவிகளின் காடு என்று அந்த இடத்துக்குப் பெயர். அவனுடைய தோழர்கள் 1969-இல் அழிந்ததும் அங்கேதான். அங்கே உலவும் ஆவிகள் யாரையும் வாழ்த்தவில்லை, அழுகின்றன. நாவலுக்கு 1991-இல் அந்நாட்டு எழுத்தாளர் சங்கப் பரிசு கிடைத்தது. வெற்றி விழாவில் ஒப்பாரியா என்று முகம் சுளித்தவர்களும் உண்டு.

ஊருக்கு வெளியே, அடக்கம் இல்லாமல் செத்தவனின் உயிர் அலையும் என்பது அம்மக்கள் நம்பிக்கை. ஆண்டுதோறும் ஏழாம் மாதப் பௌர்ணமியில், கேட்பாரற்ற ஆவிகளுக்கென்று வாசலில் அரிசிக் கஞ்சி வைப்பார்கள். போர்க்காலத்தில் அமெரிக்கப் படை இந்த நம்பிக்கையையும் விட்டுவைக்கவில்லை. ஆவி அழுவதுபோல் குரலைப் பதிவு செய்து, இரவில் ஒலிபெருக்கி வைத்துக் காட்டுக்குள் ஒலிக்கவிட்டது. மகனைத் தேடும் தாயின் துயரம் எதிரிக்கு ஆயுதமாயிற்று. அந்தத் துயரத்தைத்தான் பாவோ நின் தாய்மாரிடம் திருப்பிக் கொடுத்தார்.

நமக்கு இதில் என்ன என்று கேட்கலாம். 1942-43-இல் ஜப்பானியப் படை சயாம்–பர்மா ரயில் பாதை போட்டது. மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழ்த் தொழிலாளர் ஆயிரமாயிரமாய் அங்கே மாண்டனர். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் வெள்ளைக்காரப் போர்க்கைதிகளுக்குப் பெயர் பொறித்த கற்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. நம் தொழிலாளரில் பெரும்பாலோருக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை. பிழைக்கப் போன இடத்தில் செத்தவனை எந்த அரசும் எண்ணவில்லை.

மும்பைச் சால்களில் வாழும் நம் குடும்பங்களிலும் கடல் கடந்து போய்த் திரும்பாத தாத்தாக்கள் இருக்கலாம். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். போனவர் பெயர், சொந்த ஊர், போன ஆண்டு, கடைசியாக வந்த கடிதம், எது தெரிந்தாலும் எழுதிச் சங்கத்துக்கு அனுப்புங்கள். ஒரு பெயர் வந்தாலும் இந்த இதழில் அச்சிடுவோம். நம்மால் ஊற்ற முடிந்த கஞ்சி அதுதான்.