மிச்சப் புழுவைக் காட்டில் விடாதீர்கள்



போன ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட படத்தைக் காணவில்லை என்று சிலர் கேட்டிருந்தீர்கள். யாரும் புகார் செய்து எடுக்கவில்லை. நானேதான் நீக்கினேன். ஏன் நீக்கினேன் என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். வகுப்பில் நாற்பத்தைந்து நிமிடம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள் இதையும் பொறுத்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

படத்தைப் பார்க்காதவர்களுக்காக: மகள் வீட்டுக்கு அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. கனடா எல்லையை ஒட்டிய வடக்கு மாநிலம். பத்து ஏக்கருக்கு மேற்பட்ட ஏரிகள் மட்டும் 11,842 என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆறு மாதம் குளிரில் அடைந்து கிடக்கும் ஜனங்கள் மே மாத நடுவில் வால்ஐ மீன் சீசன் திறந்ததும் படகை வண்டியில் கட்டிக்கொண்டு வடக்கே கிளம்பிவிடுகிறார்கள். மாப்பிள்ளையும் இரண்டு நாள் விடுப்பு போட்டு, ஏரிக்கரையில் ஒரு மர வீட்டை வாடகைக்கு எடுத்து எங்களை அழைத்துப் போனார்.

பேரனுக்கு ஏழு வயது. பெட்ரோல் பங்க்கில் குளிர்பானம் வைத்திருக்கும் அதே குளிர்சாதனப் பெட்டியில், சின்னத் தெர்மகோல் டப்பாவில் ஒரு டஜன் மண்புழு விற்கிறார்கள். வாங்கினோம். தக்கை கட்டிய தூண்டிலில் நாலைந்து சன்ஃபிஷ் பிடித்தான், திருப்பி விட்டான். சாயங்காலம் டப்பாவில் ஐந்து புழு மிச்சம். மாப்பிள்ளை அதைக் குப்பைத் தொட்டியில் போடப் போனார். நான்தான் தடுத்தேன். "பாவம், உயிரோடு இருக்கிறது. காட்டு மண்ணில் விட்டால் மண்ணும் வளமாகும், அதுவும் பிழைக்கும்" என்றேன். பேரன் கையாலேயே மேப்பிள் மரத்தடியில் கொட்டச் சொல்லி, அதைப் படம் எடுத்து, 'ஜீவகாருண்யப் பாடம்' என்று தலைப்பும் கொடுத்துப் போட்டேன். இருநூறு பேருக்கு மேல் கைகூப்பியிருந்தீர்கள்.

நான் செய்தது தப்பு. அதைவிடப் பெரிய தப்பு, அதை ஒரு குழந்தைக்கு நல்ல காரியம் என்று சொல்லிக்கொடுத்தது.

பக்கத்து வீட்டில் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பேரன் உள்ளே போனதும் வந்து, "அடுத்த முறை குப்பையிலேயே போட்டுவிடுங்கள் சார். இந்தக் காட்டில் அவை இருக்கக் கூடாது" என்று மரியாதையாகச் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. முப்பத்திரண்டு வருஷம் விலங்கியல் நடத்தியவன் நான். லாம்பிட்டோ மாரிட்டி படத்தைக் கரும்பலகையில் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். எனக்கா மண்புழு பாடம்?

மறுநாள் காலை அவரே என்னைக் காட்டுக்குள் ஒரு கிலோமீட்டர் கூட்டிப் போனார். அங்கே தரை மெத்தை போல் இருந்தது. மேலே போன இலையுதிர்காலத்து இலை, அதன் கீழே அதற்கு முந்தைய வருஷத்து இலை, அதற்கும் கீழே பாதி மக்கியது என்று அடுக்கடுக்காக. கையை விட்டால் நாலு விரல் இறங்குகிறது. பெரணி, குட்டி மேப்பிள் கன்றுகள், பூத்து முடிந்த டிரில்லியம் செடிகள் எல்லாம் நெருக்கமாக. பிறகு படகு இறக்கும் துறைக்குப் பக்கத்தில் உள்ள காட்டைக் காட்டினார். அதே மேப்பிள் மரங்கள்தான். கீழே மட்டும் கூட்டிப் பெருக்கிய வாசல் மாதிரி வெறும் கறுப்பு மண். கன்று இல்லை, பூச்செடி இல்லை. மண்ணின் மேல் புழு போட்ட உருண்டைகள். வருஷக்கணக்காகத் தூண்டில்காரர்கள் மிச்சப் புழுவைக் கொட்டிய இடம் அது என்றார்.

வீட்டுக்கு வந்து நான்கு நாள் உட்கார்ந்து படித்தேன். படித்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

மினசோட்டாவில் சொந்த மண்புழு இனமே கிடையாது. கடைசிப் பனியுகத்தில் இந்தப் பகுதியில் பெரும்பாலானவை பனிப்பாறைக்கு அடியில் இருந்தன. பனி விலகிப் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அதன்பின் இங்கே முளைத்த காடு மண்புழு இல்லாமலேயே வளர்ந்த காடு. இலையைப் பூஞ்சையும் பாக்டீரியாவும் மெதுவாக மக்க வைக்கும். அந்த மெத்தையில்தான் விதை முளைக்கும், சாலமாண்டர் ஒளியும், ஓவன் பறவை தரையிலேயே கூரை வேய்ந்த கூடு கட்டும். இப்போது இருக்கும் புழுக்கள் ஐரோப்பியக் குடியேறிகளோடு வந்தவை. கப்பலில் பாரத்துக்கு ஏற்றிய மண்ணிலும், செடிகளின் வேர் மண்ணிலும் ஒட்டிக்கொண்டு வந்தன. தூண்டிலுக்கு விற்கும் 'நைட் கிராலர்' அவற்றில் ஒன்று.

அவை காட்டுக்குள் போனால், பல வருஷமாகச் சேர்ந்த இலை மெத்தையைச் சில வருஷத்தில் தின்று தீர்த்துவிடுகின்றன. விதைக்குப் படுக்கை போகிறது, இளம் வேருக்கு மூடாக்கு போகிறது. மெத்தையை நம்பி வாழும் சின்னஞ்சிறு காப்ளின் பெரணி, புழு வந்த இடங்களில் மறைந்துபோகிறது. லம்பிரிகஸ் வகைப் புழு நிறைந்த மேப்பிள் காடுகளில் ஓவன் பறவை குறைந்திருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மான்கள் மிதமிஞ்சிப் பெருகி மிச்சக் கன்றுகளை மேய்வதும் ஒரு காரணம்தான், மறைக்கவில்லை. ஆனால் ஆயிரம் கன்று முளைத்த இடத்தில் மான் மேய்வது வேறு, பத்தே கன்று முளைத்த இடத்தில் மேய்வது வேறு.

இதில் எனக்கு உறைத்த விஷயம் ஒன்று உண்டு. மண்புழு தானாகப் பரவும் வேகம் ஆண்டுக்குச் சுமார் 5 முதல் 10 மீட்டர்தான். நூறு வருஷம் ஊர்ந்தாலும் அதிகபட்சம் ஒரு கிலோமீட்டர். அப்படியென்றால் சாலையே இல்லாத காட்டின் நடுவில், ஏதோ ஒரு ஏரிக்கரையில் அது எப்படி வந்தது? டப்பாவில் வந்தது. என்னைப் போல் ஒரு 'நல்ல மனசுக்காரன்' திறந்துவிட்டான். வந்து நிலைத்துவிட்டால் ஒரு காட்டிலிருந்து அதை வெளியேற்ற இன்றுவரை வழி இல்லை.

இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். படத்தை நீக்கியது தெரிந்ததும் தனிச் செய்தியிலும் குடும்பக் குழுவிலும் நிறையப் பேர் சண்டைக்கு வந்தீர்கள்.

"அப்போ எங்களுக்கு நடத்தியது பொய்யா சார்? மண்புழு உழவனின் நண்பன்னுதானே சொன்னீங்க?" பொய் இல்லை தம்பி. உழவனுக்கு நண்பன்தான். டார்வினே 1881-இல் மண்புழுவைப் பற்றித் தனிப் புத்தகம் எழுதினார். உழுத வயலுக்கும் தோட்டத்துக்கும் அது சரி. காட்டுக்கும் நண்பன் என்று பாடப்புத்தகத்தில் எங்கும் இல்லை. அதை நானாகச் சேர்த்துக்கொண்டேன். எந்த ஊர், எந்த மண் என்று கேட்காமல் ஒரு வரியை மனப்பாடம் செய்ய வைத்தது என் குறை. பரீட்சையில் அதற்கு இரண்டு மதிப்பெண்ணும் போட்டேன்.

"உயிரைக் கொன்று குப்பையில் போடச் சொல்கிறீர்களே, நீங்களா இப்படி?" என்று என் தங்கை கேட்டாள். அம்மா, ஏழு புழுவைக் கொக்கியில் குத்தி மீனுக்குக் கொடுத்தபோது நம் யாருக்கும் இரக்கம் வரவில்லை. மிச்சம் ஐந்தின் மேல் மட்டும் வந்தது. அது இரக்கமா, நமக்கு நாமே சொல்லிக்கொண்ட சமாதானமா? உண்மையிலேயே மனசு வரவில்லையென்றால் செயற்கை இரை வாங்கலாம். ஐந்து புழுவைக் காப்பாற்றப் போய், அந்த மெத்தையில் வாழும் பறவைக்கும் சாலமாண்டருக்கும் முளைக்க வேண்டிய கன்றுக்கும் இடமில்லாமல் செய்வதை ஜீவகாருண்யம் என்று சொல்ல எனக்கு இனி வாய் வராது.

"ஏற்கெனவே எல்லா இடத்திலும் வந்துவிட்டதே, என் ஐந்து புழுவிலா கெட்டுவிடும்?" எல்லா இடத்திலும் வரவில்லை. என் கண்ணால் பார்த்த அந்த மெத்தைத் தரை இன்னும் இருக்கிறது. வந்த இடத்திலும் எல்லா வகையும் வரவில்லை. ஒரு வகை இலையில் வாழும், ஒரு வகை மேல்மண்ணில், ஒரு வகை ஆழத்தில். ஒவ்வொன்றும் சேரச் சேரச் சேதம் கூடும்.

"மைனஸ் முப்பது குளிரில் செத்துவிடும்" என்றார் ஒரு பொறியாளர். சாகாது. நைட் கிராலர் உறைபனிக்குக் கீழே ஆழமாக வளை தோண்டிப் போய்விடும்.

"வெள்ளைக்காரன் கொண்டுவந்த புழு. காட்டை வெட்டியதும் அவன். நம்மிடம் வந்து பேசுவானேன்?" வரலாறு சரிதான். ஆனால் இப்போது டப்பா யார் கையில் இருக்கிறது? சீமைக் கருவேலத்தை நம் ஊருக்கு நாமா கொண்டுவந்தோம்? இன்று கண்மாய் கண்மாயாக முள் வெட்டிக்கொண்டிருப்பது நாம்தானே. ஆகாயத்தாமரையை அழகுக்காகக் கொண்டுவந்தவர்கள் செத்துப் போய்விட்டார்கள், குளம் மூடிக் கிடக்கிறது. இந்த அனுபவம் உள்ள நமக்கு இதை யாரும் விளக்கவே தேவையில்லை.

விற்பவர்களையும் நான் விடுவதாக இல்லை. நாங்கள் வாங்கிய டப்பாவில் விலை இருந்தது, எண்ணிக்கை இருந்தது. மிச்சத்தைக் காட்டில் கொட்டாதே என்று ஒரு வரி இல்லை. இதே மாநிலத்தில் படகுத் துறையில் எத்தனை கண்டிப்பு தெரியுமா? வரிச் சிப்பி என்ற அந்நியச் சிப்பி 1989-இல் டுலூத் துறைமுகத்தில் தென்பட்டது. இன்று படகை ஏரியிலிருந்து எடுத்தால் அடி அடைப்பானைப் பிடுங்கித் தண்ணீரை வடித்துவிட்டுத்தான் சாலையில் ஏற்ற வேண்டும். களை ஒட்டியிருக்கக் கூடாது. சட்டம் அப்படி. ஜனங்களும் பயபக்தியோடு செய்கிறார்கள். வேண்டாத இரையைக் குப்பையில் போடு என்று மாநில இயற்கை வளத் துறையே சொல்கிறது. ஆனால் படகைத் துளித் துளியாக வடிக்கும் அதே ஆள், புழு டப்பாவைப் புதர்ப் பக்கம் கவிழ்த்துவிட்டுப் போவதை என் கண்ணால் பார்த்தேன். தண்ணீருக்குக் காட்டும் பயம் மண்ணுக்கு ஏன் இல்லை? டப்பா மூடியில் ஒரு வரி அச்சிட என்ன செலவாகிவிடும்?

கடைசியாக, இந்தப் பக்கம் மினசோட்டா, விஸ்கான்சின், மிச்சிகன் என்று குடியிருக்கும் என் மாணவர்கள் முப்பது பேராவது இருப்பீர்கள். உங்களுக்கு மட்டும் சில வார்த்தை.

ஒரு டஜன் தேவையில்லை என்றால் பக்கத்தில் தூண்டில் போடுபவரோடு பங்கிட்டுக்கொள்ளுங்கள். மிஞ்சினால் டப்பாவோடு வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து அடுத்த வாரம் எடுத்துப் போங்கள் (வீட்டில் திட்டு விழும், அது உங்கள் பாடு). முடியாவிட்டால் மூடியை மூடிக் குப்பையில் போடுங்கள். காட்டிலும் வேண்டாம், ஏரியிலும் வேண்டாம்.

இன்னொன்று தூண்டில் போடாதவர்களுக்கும். கோடை வந்தால் நம்மவர்கள் கறிவேப்பிலைக் கன்று, மல்லிகைத் தொட்டி, தக்காளி நாற்று என்று வீடு வீடாகக் கைமாற்றுகிறீர்கள். நல்ல பழக்கம். ஆனால் 'துள்ளும் புழு' என்று கிழக்காசியாவிலிருந்து வந்த ஒன்று இப்போது இந்த மாநிலங்களில் பரவுகிறது. தொட்டால் பாம்பு மாதிரி நெளிந்து துள்ளும். அது இருக்கும் மேல்மண் காபித்தூள் சக்கை போல உதிரும். குளிரில் புழு செத்தாலும் அதன் முட்டைக்கூடு பிழைத்து அடுத்த வசந்தத்தில் பொரிக்கும். அது பரவுவதே தொட்டி மண்ணிலும் மூடாக்கிலும்தான். செடி கொடுப்பதாக இருந்தால் வேர் மண்ணை உதறி, கழுவிக் கொடுங்கள். அந்தச் சக்கை மண் தோட்டத்தில் தெரிந்தால் யாருக்கும் எதையும் கொடுக்காதீர்கள்.

என் கதையை முடித்துவிடுகிறேன். கொட்டிய இடத்தில் மறுநாள் நானும் பேரனும் டார்ச் விளக்கோடு தேடினோம். ஐந்தில் இரண்டுதான் கிடைத்தன. மூன்று உள்ளே போய்விட்டன. "தாத்தா, நீங்கதானே விடச் சொன்னீங்க?" என்று கேட்டான். ஆமாம், தாத்தாவுக்குத் தெரியாமல் போய்விட்டது என்றேன். வகுப்பில் ஒரு நாளும் நான் சொல்லாத வாக்கியம் அது. அப்போதே பழகியிருக்கலாம்.

போன படத்துக்குக் கைகூப்பிய இருநூறு பேரும் இதையும் முழுதாகப் படித்தீர்களா என்று நான் கணக்கெடுக்கத்தான் போகிறேன். படித்தவர்கள் இந்தப் பக்கம் இருக்கும் உங்கள் பிள்ளைகளுக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் விலங்கியல் வாத்தியார்