சுகப்பிரசவம் என்றொரு படிமம்

சென்ற மாதம் ஈரோட்டில் ஒரு நண்பர் வீட்டு மாடியில் கூடியிருந்தோம். பதினோரு பேர். 'சிசேரியன் கவிதைகள்' என்றார் நம் கவிஞர்களில் ஒருவர். தன்னுடையவை தானாக வலியெடுத்துத் தானாக வெளிவந்தவை, மற்றவர்களுடையவை கத்தி வைத்து எடுக்கப்பட்டவை என்பது பொருள். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அதற்குக் காரணம் என் ரசனைக் குறைவு என்று படியிறங்கும்போது ஒருவர் அபிப்பிராயப்பட்டாராம்.

காரணம் வேறு. என் முதல் குழந்தை அறுவையில் பிறந்தது. இரண்டாவதை அறுவையின்றிப் பெற முயன்றேன். பதினாறு மணி நேர வலிக்குப் பின் கருப்பை வாய் ஆறு சென்டிமீட்டரில் நின்றுவிட்டது. குழந்தையின் இதயத் துடிப்பு இறங்கத் தொடங்கியது. பழைய தழும்பின் மேலேயே மறுபடியும் கத்தி. குழந்தை சௌக்கியம். அனுதாபம் கோரி இதை எழுதவில்லை. நம் விமர்சனத்தில் தாராளமாகப் புழங்கும் ஒரு படிமத்தை அதன் ஸ்தூலமான இடத்தில் நிறுத்திப் பார்க்க அந்த மாடியில் வேறு ஆளில்லை, அவ்வளவுதான்.

நம் விமர்சன பாஷையில் பாதி பிரசவ அறையிலிருந்து தூக்கி வந்தது. கவிதை கருக்கொள்கிறது. சூல் முற்றுகிறது. தேறாதது குறைப்பிரசவம். எழுத வராதவன் மலடு. அந்த அறைக்குள் கால் வைத்திராதவர்களே இவற்றை அதிகம் கையாளுகிறார்கள். 2002ல் குட்டி ரேவதியின் 'முலைகள்' வந்தபோது ஆபாசம் என்று கூச்சல் எழுந்தது நினைவிருக்கும். பெண் தன் உடம்பைப் பெயர் சொல்லி எழுதினால் ஆபாசம். அதே உடம்பின் உச்சகட்ட அவஸ்தையை ஆண் தன் எழுத்துக்கு உவமையாக எடுத்துக்கொண்டால் சிருஷ்டி ரகசியம்.

'சுகப்பிரசவம்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். யாருக்குச் சுகம்? எங்கள் பக்கத்தில் குழந்தை பார்க்க வருகிறவர்கள் கொண்டுவந்த பழத்தைக் கீழே வைக்குமுன் கேட்பது, "நார்மலுங்களா, ஆபரேசனுங்களா?" என்பதுதான். ஆபரேஷன் என்றதும் ஒரு 'ச்சு'. "வலி பொறுக்க முடியலையாட்ட இருக்குது" என்று ஒரு தீர்ப்பு. என் பெரியம்மா நல்ல மனசோடு சொன்னாள்: "போனாப் போகுது அம்மணி, கொழந்தை நல்லாருக்குதல்லோ." இதற்கு மேல் வாயைத் திறந்தால் நன்றிகெட்டவள் ஆகிவிடுவோம். 2019–21ல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 44.9 பிரசவங்கள் அறுவையில்தான். ஏறக்குறையப் பாதித் தாய்மார்களை வெளியே நிறுத்திவிட்டு ஒரு சொல் இன்னும் தன்னைச் சுகம் என்று அழைத்துக்கொண்டிருக்கிறது.

அந்தக் கணக்கின் உள்ளே இன்னொன்று உண்டு. அரசு மருத்துவமனைகளில் 36, தனியாரில் 63.8. ஒரே மாநிலத்துப் பெண்களின் இடுப்பெலும்பு மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறுவதில்லை. வசதியுள்ளவர்கள் கேட்டு வாங்குவதும் அதில் இருக்கலாம். இருந்தாலும் இங்கே வியாபாரம் இருக்கிறது என்று சந்தேகிக்க மருத்துவ ஞானம் வேண்டியதில்லை. அறுவையை எதிர்ப்பவர்கள் கோபப்படுவதில் நியாயம் உண்டு.

ஆனால் அந்தக் கோபம் எங்கே போய் முடிகிறது? 2018 ஜூலையில் திருப்பூரில், எங்களுக்கு ஒரு மணி நேரத் தூரத்தில், யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்தார்கள். உதிரப்போக்கில் அந்தப் பெண் செத்துப்போனாள். அடுத்த மாதம் கோவையில் வீட்டுப் பிரசவத்துக்குப் பயிற்சி என்று விளம்பரம் செய்த ஒருவர் கைதானார். தானாக நிகழ்வதே உண்மை, கை பட்டதெல்லாம் போலி என்கிற சித்தாந்தம் உடம்பின் மேல் செயல்பட்ட விதம் அது. நம் கவிஞரின் சித்தாந்தமும் அதுவே. கவிதையில் அது ஒரு மோசமான கவிதையோடு நின்றுவிடுகிறது என்பதால் நாம் பிழைத்துக்கிடக்கிறோம்.

எதிர்த் தரப்பிலும் ஒரு வேதவாக்கு உண்டு: ஒருமுறை சிசேரியன் என்றால் எப்போதும் சிசேரியன். 1916ல் நியூயார்க்கில் எட்வின் கிரேகின் என்ற மருத்துவர் எழுதியது. அன்று கருப்பையின் மேற்பகுதியில் நெடுக்காகக் கீறுவார்கள். அடுத்த வலியில் அந்தத் தையல் பிளக்கும் அபாயம் பெரிது. அதனால் முதல் அறுவையையே யோசித்துச் செய்யுங்கள் என்று எச்சரிப்பதே அவர் நோக்கம். விதிவிலக்குகள் உண்டென்றும் அங்கேயே சொல்லியிருக்கிறார். கட்டுரையை விட்டுவிட்டு ஒரு வாக்கியத்தை மட்டும் பிடித்துக்கொண்டது உலகம். மேற்கோள்களால் வாழும் நம் விமர்சகர்கள் இங்கே கொஞ்சம் நின்று போகலாம்.

கீழ்ப்பகுதியில் குறுக்காகக் கீறுவது வழக்கமான பிறகு கணக்கு மாறிவிட்டது. தையல் பிளப்பது ஏறத்தாழ 200ல் ஒருவருக்கு. முயல்கிறவர்களில் நூற்றுக்கு 60 முதல் 80 பேருக்குக் கைகூடுகிறது. மீதி 20 முதல் 40 பேர் மேஜைக்குத் திரும்புகிறார்கள். வலியெடுத்த பின் செய்யும் அறுவை, நாள் குறித்துச் செய்வதைவிடச் சிக்கல் கூடியது. எல்லாம் எனக்கு முன்கூட்டியே சொல்லப்பட்டது. புரிந்தே சம்மதித்தேன். நான் அந்த மீதியில் ஒருத்தி.

அப்படியானால் மூன்று மாதம் எதற்காக அழுதேன்? தழும்புக்காக அல்ல, அது முன்பே இருந்தது. வலிக்காகவும் அல்ல. பதினாறு மணி நேரம் ஒரு வேலையில் முழுசாக இருந்தேன். அந்த வேலை முடியவில்லை. முதுகில் ஊசி போட்டதும் இடுப்புக்குக் கீழே நான் இல்லை. பச்சைத் துணிக்கு அப்பால் யாரோ அதை முடித்தார்கள். பாதி எழுதிய வாக்கியத்தை வேறு கை வந்து முடித்ததுபோல... பாருங்கள், நானும் இலக்கியத்திடம் உவமைக்குக் கையேந்துகிறேன். அந்த வாக்கியத்தை அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த நாட்களில் புத்தகங்களைப் புரட்டினேன். பொன்முடியாரின் புறநானூற்றுத் தாய் பெற்று வளர்ப்பது தன் கடமை என்கிறாள். பெற்ற விதம் பற்றிப் பேச்சில்லை. குறளில் பிள்ளை பெற்ற வேளை, பிற்பாடு அவன் ஈட்டும் பெயரால் வரும் மகிழ்ச்சியை அளக்க ஒரு படிக்கல். திருச்சியில் காவிரி வெள்ளத்தில் தாய் வரத் தாமதித்ததும் ஈசனே தாயாக வந்து பிரசவம் பார்த்தார், அங்கும் சுகப்பிரசவம். மாக்பெத்தைக் கொல்ல மாக்டஃபால் முடிந்தது, தாயின் வயிற்றைக் கிழித்து எடுக்கப்பட்டவன் பெண்ணிடம் பிறந்தவனாகக் கணக்கில் வரவில்லை என்பதால்தான். ஷேக்ஸ்பியரின் அந்தத் தந்திரத்தை நாற்பது வருஷமாக ரசித்து வந்திருக்கிறேன் என்பது இப்போது கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

பெரியார் எங்கள் ஊர்க்காரர். 1925ல் இங்கிருந்துதான் 'குடிஅரசு' வெளிவந்தது. தேசத்தின் வறுமைக்காக, தாயின் ஆரோக்கியத்துக்காகக் கர்ப்பத்தடை வேண்டுமென்று மற்றவர்கள் சொன்னபோது, பெண்ணின் விடுதலைக்காக வேண்டும் என்றவர் அவர். 'இனிவரும் உலக'த்தில் பிள்ளைப்பேற்றையே உடம்பிலிருந்து கழற்றிப் பார்த்தார். ஆனால் என் துக்கத்துக்கு அவரிடமும் இடமில்லை. பெறுவதிலிருந்து அவர் என்னை விடுவிப்பார். நானோ பெற விரும்பி, பாதிவழியில் நின்றவள். வேண்டாம் என்று சொல்ல அவர் மொழி தந்திருக்கிறார். வேண்டியது கைகூடாதபோது பேச அவரிடம் கடன் வாங்க முடியவில்லை. பெரியம்மாவின் 'போனாப் போகுது'தான் மிச்சம்.

'தோல்வி' என்றுதான் மருத்துவக் குறிப்பிலும் எழுதுகிறார்கள்: முயற்சி தோல்வி. யார் தோற்றது என்று அதில் இல்லை. தலை திரும்பாத குழந்தையா, ஆறில் நின்ற கருப்பை வாயா, நானா? சக தாய்மார்கள் சிலரிடம் கேட்டேன். எல்லோருமே, தான்தான் என்றார்கள்.

நம் கவிஞரின் தொகுப்பு பொங்கலுக்குள் வருகிறதாம். அந்தச் 'சிசேரியன்' வாக்கியம் முன்னுரையில் இருப்பதாகக் கேள்வி. எடுத்துவிடச் சொல்லிக் கடிதம் எழுதினேன். அது தானாக வந்த வாக்கியம், கை வைக்க முடியாது என்று பதில் வந்திருக்கிறது.